உத்தரவில் என்ன தப்பு?

வாசகர் கேள்வி: மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் 18 வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் போய்விட்டது. கேலிப்பர் போட்டுத்தான் நடக்கிறேன். அட்டையில் 60 சதவீதம் என்று இருக்கிறது. போன வருஷம் எங்கள் பிரிவை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. 44 படி. பெண்கள் கழிப்பறை கீழ்த்தளத்தில்தான். அதனால் ஆபீஸில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன், சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு தடவை மருந்து சாப்பிட்டாயிற்று. கீழே தபால் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே போடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா" என்றார் அதிகாரி. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு பக்க உத்தரவு தபாலில் வந்தது. அதற்கப்புறம் ஆணையருக்கே இரண்டு நினைவூட்டல், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனு என்று கொடுத்துப் பார்த்தேன். பதில் இல்லை. இதற்கிடையில் என் ரகசியக் குறிப்பேட்டில் "அடிக்கடி இருக்கையில் இருப்பதில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். உத்தரவு வந்து நாலு மாதம் ஆகிறது. ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் எங்கள் அதிகாரியைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்களா? எவ்வளவு செலவாகும்? கேஸ் போட்டதற்காக எங்காவது தூக்கியடித்துவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

திருமங்கலம் வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு உத்தரவின் நகலையும் இணைத்திருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாலு பக்கம் கதை எழுதுவார்கள், உத்தரவை மட்டும் வைக்க மாட்டார்கள். எனக்குத் தேவை அந்த ஒரு பக்கம்தான். ஏனென்று சொல்கிறேன்.

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில், உங்களைப் போலவே புகார் தள்ளுபடியான ஒரு செவிலியருக்காக ரிட் மனு போட்டேன். பிரமாணப் பத்திரம் மட்டும் 22 பக்கம். அந்த அம்மாவை யார் யார் என்னென்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் அழவைத்தார்கள், எந்த டாக்டர் என்ன எழுதினார், ஒன்று விடாமல் சேர்த்திருந்தேன். மனு அழைக்கப்பட்டதும் எழுந்து கதையை ஆரம்பித்தேன். நீதிபதி இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி, உத்தரவில் என்ன தப்பு?" எனக்கு நாக்கு எழவில்லை. 22 பக்கத்தில் உத்தரவைப் பற்றி இருந்ததே நாலு வரி. அன்றைக்கு மனுவைத் திரும்பப் பெற்று, வேறு மாதிரி எழுதித் தாக்கல் செய்தேன். அந்தக் கேள்விக்கு உங்கள் விஷயத்தில் பதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கடிதம்.

அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றம் செய்வது மேல்முறையீட்டு விசாரணை அல்ல. மேல்முறையீடு என்றால் கீழே இருந்தவர் எடுத்த முடிவு சரியா, தவறா என்று மேலே இருப்பவர் மறுபடி முதலிலிருந்து பார்க்கலாம். ரிட் அப்படியில்லை. முடிவு எடுத்த விதம் சட்டப்படி இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அதிகாரம் உள்ளவர்தான் முடிவெடுத்தாரா, இரு தரப்பையும் கேட்டாரா, பார்க்கவேண்டியதைப் பார்த்தாரா, காரணம் சொன்னாரா, எந்த மனிதனும் எடுக்கமாட்டான் என்னும்படியான முடிவா, அவ்வளவுதான். டாடா செல்லுலார் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இன்றுவரை எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைக்கும் சீட்டு இதுதான். ஆகவே உங்கள் அதிகாரியைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். கூண்டே கிடையாது. ரிட் மன்றத்தில் சாட்சி விசாரணை என்பது அபூர்வம். எல்லாம் பிரமாணப் பத்திரத்திலும் அதோடு இணைக்கும் காகிதக் கட்டிலும்தான். அந்தக் கட்டை நாங்கள் டைப் செட் என்போம். நீங்கள்கூட ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நிற்கவேண்டியதில்லை.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருவோம். உத்தரவில் மொத்தம் மூன்றே வாக்கியம். புகார் பரிசீலிக்கப்பட்டது என்று ஒன்று. துறையிடமிருந்து அறிக்கை பெறப்பட்டது என்று ஒன்று. இட ஒதுக்கீடு நிர்வாகம் சார்ந்தது என்பதாலும், பிரிவு முழுவதுமே மாற்றப்பட்டிருப்பதால் மனுதாரருக்கு மட்டும் பாகுபாடு காட்டப்படவில்லை என்பதாலும் புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று மூன்றாவது. இதை இருபது தடவை படியுங்கள். உங்கள் வழக்கு முழுக்க இந்த மூன்று வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறையின் அறிக்கை வாங்கியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை உங்களுக்குக் காட்டினார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கூப்பிட்டு விசாரித்ததாகவும் இல்லை. அப்படியென்றால் எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பது தெரியாமலே, அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பே இல்லாமல் உங்கள் புகார் மூடப்பட்டிருக்கிறது. இயற்கை நீதி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இத்தனைக்கும் 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 82-வது பிரிவில் மாநில ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. ஆட்களை வரவழைக்கலாம், கோப்பைக் கொண்டுவரச் சொல்லலாம். அதெல்லாம் கையில் இருக்க, ஒரு தரப்புக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மூடியிருக்கிறார்கள். என் கணக்கில் உங்கள் மனுவின் முதல் காரணமாக வரவேண்டியது இதுதான்.

மூன்றாவது வாக்கியம் இன்னும் சுவாரசியம். "எல்லாரையும்தான் மாற்றினோம், அதனால் பாகுபாடு இல்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்தியை மாடியில் போடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே இலை, ஒரே சாம்பார், ஒரே அப்பளம். ஆனால் முட்டி தேய்ந்த அப்பத்தா கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசிவரை இருப்பார். யாராவது போய், "எல்லாருக்கும் ஒரே பந்திதானே அப்பத்தா" என்று சொல்வோமா? தட்டில் போட்டுக் கீழே கொண்டுவந்து கொடுப்போம். சட்டம் கேட்பதும் அந்தத் தட்டைத்தான். அதற்குப் பெயர் நியாயமான தகவமைப்பு. பெரிய பாரம் ஏற்றாத, தேவையான மாற்றத்தைச் செய்து தருவது. 20-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதை ஒவ்வோர் அரசு நிறுவனத்தின் கடமை என்கிறது. 2-வது பிரிவு, அதை மறுப்பதையே பாகுபாடு என்ற சொல்லின் விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. யாரும் உங்களைத் திட்டியிருக்க வேண்டாம், முகம் சுளித்திருக்க வேண்டாம். செய்யக்கூடிய வசதியைச் செய்யாமல் விட்டாலே போதும்.

2021 பிப்ரவரியில், தேர்வெழுத உதவி எழுத்தர் கேட்டு மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடமையை விரிவாகவே பேசியது. விகாஷ் குமார் வழக்கு என்று உங்கள் வக்கீல் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள். அடுத்த மாதமே ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில், மேலுக்கு எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரிகிற அளவுகோல் ஒரு சாராரை மட்டும் ஒதுக்கிவிடுமானால் அதுவும் பாகுபாடே என்று சொன்னது. உங்கள் உத்தரவில் தகவமைப்பு என்ற சொல்லே இல்லை. 20-வது பிரிவு இல்லை. 44 படி இல்லை, காலியிடம் இல்லை, கழிப்பறை இல்லை. பார்க்கவேண்டியதைப் பார்க்கவில்லை, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. "உனக்கு மட்டும் செய்தார்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "உனக்காகச் செய்யவேண்டியதைச் செய்தார்களா?" என்பதல்லவா கேள்வி? நீதிபதி என்னைக் கேட்ட மாதிரி உங்கள் வக்கீலைக் கேட்டால், பதில் இங்கே தயாராக இருக்கிறது.

காரணம் சொல்கிற உத்தரவை நாங்கள் ஸ்பீக்கிங் ஆர்டர் என்போம், பேசுகிற உத்தரவு. உங்களுடையது வாய் திறக்காத ஜாதி. இதில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நீங்கள் ரிட் போட்ட பிறகு துறை கவுண்டர், அதாவது பதில் பிரமாணப் பத்திரம், தாக்கல் செய்யும். அதில் புதுசு புதுசாகக் காரணம் முளைக்கும். தபால் பிரிவுக்கு வேறு தகுதி வேண்டும், கீழ்த்தளத்தில் ஆவண அறை வரப்போகிறது, மனுதாரர் வேலையே பார்ப்பதில்லை என்று எதுவும் வரலாம். பயப்படாதீர்கள். 1977-ல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டது. உத்தரவில் சொன்ன காரணத்தை வைத்துத்தான் உத்தரவு நிற்கவேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கும் காரணம் அதைத் தூக்கி நிறுத்தாது. நாள் ஆக ஆக ருசி கூடுவதற்கு உத்தரவு என்ன பழைய மதுவா என்ற பொருளில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் எழுதினார். எனக்குத் தெரிந்து நம் நீதிமன்றங்களில் அதிகம் புரட்டப்படும் பக்கங்களில் அதுவும் ஒன்று.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனங்கள். எதிர்த்தரப்பு சொல்லி நீங்கள் கேட்பதைவிட நான் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சட்டத்தின் 23-வது பிரிவு. ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும். 20-வது பிரிவை மீறினால் அவரிடம் புகார் கொடுக்கலாம், பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்கவேண்டும், திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நீங்கள் அந்த வழியில் போகவில்லை. "மாற்று வழி இருக்கிறது, ரிட் செல்லாது" என்பார்கள். இதற்கு விர்ல்பூல் வழக்கு, 1998. இயற்கை நீதி மீறப்பட்டாலோ அடிப்படை உரிமை சம்பந்தப்பட்டாலோ மாற்று வழி ஒரு தடையல்ல. தவிர, ஆணையரிடம் போவதற்கும் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. நீங்கள் வாசல் தவறிப் போகவில்லை. ஆனாலும் உங்கள் அலுவலகத்தில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா, அது எங்காவது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். ஒட்டியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆளே நியமிக்கவில்லை என்றால் மாற்று வழி என்கிற வாதம் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

"அப்படியானால் இப்போதே அவரிடம் ஒரு புகார் கொடுத்துவிட்டு ரிட்டும் போடலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். இரண்டு குதிரையில் கால் வைத்தால், "அங்கே நிலுவையில் இருக்கிறதே, இங்கே ஏன் வந்தார்?" என்று, காலம் வருமுன்னே போட்ட மனு என்று சொல்லித் தள்ள வசதியாகப் போகும். தவிர ஆணையர் உத்தரவை அப்படியே விட்டுவைத்தால், நாளைக்கு யாரிடம் போனாலும் "இது ஏற்கனவே முடிந்துபோன விஷயம்" என்று அந்தத் தாளைத்தான் காட்டுவார்கள். முதலில் அந்தத் தாள் போகவேண்டும்.

இரண்டாவது, நாள். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் கெடு என்று சட்டத்தில் இல்லை. அதற்காகச் சாவகாசமாக வரலாம் என்று அர்த்தமில்லை. நாலு மாதம் பெரிய தாமதமல்ல. ஆனால் அந்த நாலு மாதத்தில் நீங்கள் செய்ததுதான் எனக்குக் கவலை. நினைவூட்டல், மறு நினைவூட்டல், குறைதீர் நாள் மனு. நம் ஜனங்களுக்கு மனு கொடுப்பதில் இருக்கிற நம்பிக்கை சாமி கும்பிடுவதில்கூட இல்லை. மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் காலம் நின்றுகொண்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. 2008-ல் சி.ஜேக்கப் வழக்கில், அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான், ஆறிப்போன கோரிக்கைக்குப் புது மனுவும் அதற்கு வரும் பதிலும் உயிர் கொடுக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி ஒரு நினைவூட்டல்கூட அனுப்பாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு, "என் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டு ரிட் போடுவது. மலிவாக முடியும், முதல் நாளே முடியும். 'தகுதியின் அடிப்படையில் 12 வாரத்தில் பரிசீலிக்கவும்' என்று உத்தரவு வரும். பதினோராவது வாரத்தில் பரிசீலித்து மறுபடி மறுத்துவிடுவார்கள். அப்புறம் அதை எதிர்த்து இன்னொரு ரிட். சில வக்கீல்கள் ஆலோசனை சொல்வதே இதைத்தான், நான் ஏற்கமாட்டேன். உங்களிடம் எதிர்க்கத்தக்க உத்தரவு கையில் இருக்கும்போது அதை எதிர்க்கவேண்டும். கோரிக்கை இரண்டு பாகமாக இருக்கட்டும். ஆணையரின் உத்தரவை வரவழைத்து ரத்து செய்யவேண்டும், அதன் தொடர்ச்சியாகத் துறை உங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கை தரவேண்டும் என்று கட்டளையிடவேண்டும். செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் என்று இரண்டையும் ஒட்டி நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பேர் வைத்திருக்கிறோம். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, மனுவில் இருந்தால் போதும்.

இரண்டாம் பாகம் ஏன் முக்கியம் தெரியுமா? ஆணையர் உங்கள் பக்கம் தீர்ப்பளித்தாலும் அவர் துறைக்கு அனுப்புவது பரிந்துரைதான். 81-வது பிரிவின்படி துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்கவேண்டும். ஏற்கவில்லையென்றால் காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் சொல்லவேண்டும். உத்தரவை ரத்து செய்து ஆணையரிடமே திருப்பி அனுப்பினால், அந்தச் சுற்று, பிறகு இந்த மூன்று மாதம் என்று 44 படியை நீங்கள் இன்னும் எத்தனை தடவை ஏறவேண்டியிருக்கும்? ஆகவே துறையையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து நேரடியாகக் கட்டளை கேட்பது அவசியம். சேர்க்காத ஆளுக்கு நீதிமன்றம் கட்டளையிட முடியாது.

கிடைக்குமா? மனதில் உள்ளதைச் சொல்கிறேன். இம்மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் வருவது திருப்பி அனுப்பும் உத்தரவுதான். உங்களுக்கு வாய்ப்பளித்து, துறையின் அறிக்கையைத் தந்து, காரணத்தோடு புதிதாக முடிவெடுக்கவும் என்று வரும். அதைத் தோல்வி என்று நினைத்து வீட்டில் அழாதீர்கள். ஆனால் திருப்பி அனுப்பாமலே முடிக்க ஒரு வழி உண்டு, அது சண்டையில்லாத உண்மைகளை மட்டும் வைத்து வழக்கைக் கட்டுவது. உங்களுக்கு 60 சதவீத ஊனம், அரசு கொடுத்த அட்டை இருக்கிறது. பிரிவு இரண்டாம் மாடியில், துறையே மறுக்கவில்லை. லிஃப்ட் இல்லை, கட்டடமே சாட்சி. கீழ்த்தளத்தில் காலியிடம், இது மட்டும்தான் காகிதத்தில் வரவேண்டும். இந்த நாலும் மறுக்கப்படாமல் நின்றால், "இனி ஆணையர் விசாரிக்க என்ன மிச்சம்?" என்று வாதிடலாம்.

அந்த நாலாவது காகிதத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. உங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு: தபால் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் பணியில் இருப்போர் எத்தனை, 23-வது பிரிவில் நியமிக்கப்பட்ட குறைதீர் அலுவலர் யார், நியமன உத்தரவின் நகல். ஆணையர் அலுவலகத்துக்கு இன்னொரு மனு: உங்கள் புகார்க் கோப்பின் குறிப்புத் தாள்கள் உட்பட முழு நகல், துறை அனுப்பிய அறிக்கையின் நகல். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்டு எழுதாதீர்கள். காகிதத்தைக் கேளுங்கள், காகிதம் வரும். இதற்காக ரிட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பிறகு வந்தால் கூடுதல் டைப் செட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மனுவில் எதை எழுதக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரிக்கு உங்கள்மேல் காழ்ப்பு, அவர் வேண்டியவருக்காக அந்த இடத்தை வைத்திருக்கிறார் என்றெல்லாம் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்நோக்கம் என்று சொன்னால் அவரைப் பெயரிட்டுக் கட்சி சேர்க்கவேண்டும், தேதியோடு விவரம் சொல்லவேண்டும், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்து, மறுக்கமுடியாத நாலையும் சந்தேகத்துக்கு ஆளாக்குவானேன்? விட்டுவிடுங்கள். உங்கள் சண்டை அந்த மனிதரோடு இல்லை, மூன்று வாக்கியத்தோடு.

ரகசியக் குறிப்பேட்டு விஷயத்தையும் இந்த மனுவில் திணிக்காதீர்கள். அது வேறு உத்தரவு, வேறு வழி. இப்போதைக்கு, கழிப்பறைக்குக் கீழே போய்வர எனக்கு ஆகும் நேரம்தான் "இருக்கையில் இல்லாத" நேரம் என்று எழுத்தில் விளக்கம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒரு வாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து அதில் சேர்த்தால் இன்னும் நல்லது. மருந்துச் சீட்டுகளும் பத்திரமாக இருக்கட்டும். தண்ணீர் குடிக்காமல் இருந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, பிரமாணப் பத்திரத்தில் அப்படியே போகவேண்டும். அலங்காரம் வேண்டாம்.

பிரதான மனுவோடு ஓர் இடைக்கால மனுவும் போடச் சொல்லுங்கள், வழக்கு முடியும்வரை கீழ்த்தளத்தில் உட்கார வைக்கும்படி. இறுதியில் தரவேண்டியதை இடையிலேயே தர நீதிமன்றங்கள் யோசிக்கும். ஆனால் மருந்துச் சீட்டோடு கேட்டால், அரசு வக்கீலிடம் "துறையிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஒரு நாற்காலிதானே?" என்று நீதிபதி சொல்வதுண்டு. அந்த ஒரு வார்த்தையிலேயே முடிந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

இடமாற்றப் பயம். பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். இடமாற்றம் பணியின் ஒரு பகுதி என்பதால் நீதிமன்றம் அதில் சுலபமாகத் தலையிடாது. ஆனால் ரிட் நிலுவையில் இருக்கும்போது, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமாறுதல் பருவமும் இல்லாமல் தூரத்துக்குத் தூக்கியடித்தால், அந்த உத்தரவு தேதியே அதற்கு எதிரான சாட்சி. சும்மா இருக்கும் ஆளைத் தொடுவதைவிட நீதிமன்றத்தில் வழக்கு வைத்திருக்கும் ஆளைத் தொட அலுவலகங்கள் யோசிக்கும் என்பதுதான் என் அனுபவம். உங்கள் வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

செலவு. மாநில அரசு ஊழியர்களுக்கான தீர்ப்பாயம் கலைக்கப்பட்டபின் உங்களைப் போன்றோர் நேரே உயர் நீதிமன்றம்தான் வரவேண்டும். 2004 ஜூலை 24-க்கு முன்னால் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய், லாட்ஜில் தங்கி, வழக்கு அழைக்கப்படாமல் திரும்பி வந்திருப்பீர்கள். இப்போது மேலூர் ரோட்டில், மாட்டுத்தாவணி தாண்டி உலகனேரியில் இறங்கினால் மதுரைக் கிளை. நீதிமன்றக் கட்டணம் சிறு தொகை, வக்கீல் கட்டணம்தான் கடிக்கும். அதற்கும் வழி உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. நீங்கள் இரண்டு கணக்கிலும் வருகிறீர்கள். அரசுச் சம்பளம் வாங்குகிறேனே என்று கூச்சப்படாதீர்கள், சட்டம் சம்பளத்தைக் கேட்கவில்லை. மதுரைக் கிளைக்கென்றே உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அங்கே மனு கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். வழக்கு எண் கிடைத்தபின் எந்த நாளில் வருகிறது என்பதை ஈகோர்ட்ஸ் செயலியில் ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தனி நீதிபதி தள்ளுபடி செய்தால் இரு நீதிபதிகள் அமர்வுக்கு ரிட் அப்பீல் உண்டு, அதற்கு 30 நாள் கெடு. அதை அப்போது பார்க்கலாம்.

சட்ட உதவிக்குப் போகும்போது எடுத்துப்போகவேண்டியது: ஆணையரின் உத்தரவு, நீங்கள் அனுப்பிய புகாரின் நகல், மூன்று கோரிக்கைக் கடிதங்கள், ஊன அட்டை, பிரிவை மாற்றிய அலுவலக ஆணை, மருந்துச் சீட்டுகள், மாடிப்படியையும் கீழ்த்தளத்தையும் எடுத்த நாலைந்து படங்கள். அப்புறம் அந்த உத்தரவு வந்த தபால் உறை. தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உத்தரவில் ஒரு தேதி இருக்கும், அது உங்கள் கைக்கு வந்த தேதி வேறாக இருக்கும். எத்தனை நாள் தாமதம் என்று கேள்வி வந்தால் அந்த உறையின்மேல் இருக்கும் திருமங்கலம் தபால் முத்திரைதான் பதில் சொல்லும்.